நோபல் பரிசுக்கு என்ன கான்ஃபிகரேஷன் தேவைப்பட்டது? திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனின் கருவிக் கணக்கு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரம் போகிற பஸ், காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவானைக்காவலைத் தொட்டுக்கொண்டு, கொள்ளிடம் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட் வழியாகப் போகும். காலையில் அதில் பாதிப் பேர் இன்ஜினீயரிங் மாணவர்கள், மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். மடியில் லேப்டாப் பை. பேச்சும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். 8 ஜிபி ரேம் போதுமா, 16 வேணுமா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சமாளிக்க முடியுமா? இப்பவே வாங்கிடலாமா, தீபாவளி ஆஃபர் வரைக்கும் பொறுக்கலாமா? அடுத்த தலைமுறை சிப் வரப்போகுதாமே, அதுக்குள்ள அவசரப்பட்டுட்டா?

இந்தக் கேள்விகளை, லேப்டாப் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வேறு கருவிகளை வைத்து வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர் அந்த பஸ் ரூட்டிலேயே பிறந்தவர். சர் சி.வி.ராமன். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய முதல் இந்தியர், முதல் ஆசியரும் அவர்தான். பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் தினம் என்று அவர் படம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். கூடவே, வெறும் 200 ரூபாய் செலவில் நோபல் வாங்கினார் என்ற ஒரு வரியும்.

அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை? எதை வாங்கினார், எதை வாங்காமல் சமாளித்தார், எதற்காகக் காத்திருந்தார் என்று பார்த்தால் அவரது வாழ்க்கையே வேறு மாதிரி தெரிகிறது.

திருவானைக்காவல் டு விசாகப்பட்டினம்

சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7. அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய தலம் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில். பின்னாளில் கடல் நீர் ஏன் நீலம் என்ற கேள்விதான் இவரை நோபல் வரை கொண்டுபோனது. இதை விதி என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ராமன் அப்படி எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஊரில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1892-ல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போனது. அப்பா கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 11 வயதில் மெட்ரிகுலேஷன். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ. தேர்வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். அப்போது வயது 16 கூட முடியவில்லை.

முதல் ஆய்வுக் கட்டுரையின் கதை சுவாரசியமானது. கல்லூரி லேபில் எல்லா மாணவர்களும் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது. மற்றவர்கள் ரீடிங் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ராமன், ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் ஏன் கோணலாக இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். அது 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் கட்டுரையாக வந்தது. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. லேபில் இருந்ததேதான்.

கணக்காளர் ராமன்

அடுத்து இங்கிலாந்து போயிருக்க வேண்டும். உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு இந்தியாவில் அறிவியல் படித்தவருக்கு ஆராய்ச்சி என்று சம்பளத்தோடு ஒரு வேலை கிடையாது. நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம். 1907-ல் லோகசுந்தரியுடன் திருமணம். அதே வருடம் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் வேலை. வயது 18.

ஆக, இந்தியாவின் முதல் இயற்பியல் நோபல் பரிசுக்காரர் பத்து வருடம் அரசாங்கக் கணக்குப் புத்தகம் பார்த்தவர். ரூபாய், அணா, பைசா எங்கே போகிறது என்று கண்காணிப்பதுதான் தொழில். இவரது பிற்கால ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த விவரத்தை மறந்துவிடக் கூடாது.

ஆபீசுக்கு டிராமில் போகிற வழியில் பௌபஜார் தெரு 210-ம் எண் கட்டடத்தில் ஒரு போர்டைப் பார்த்தார். அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நன்கொடை திரட்டி ஆரம்பித்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, அரங்கம் இருந்தது. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. நல்ல மெஷினை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்ட வீடு மாதிரி. அங்கே உதவியாளராக இருந்தவர் ஆசுதோஷ் டே, எல்லோருக்கும் ஆசு பாபு. ராமனுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். அதன் பிறகு பல வருடங்கள் இவர் ராமனின் வலது கை. கல்லூரிப் பக்கம் போகாத இந்த மனிதரின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் ராமன் பெயரோடு சேர்ந்து அச்சானது.

காலையில் ஆபீசுக்கு முன்னால் சங்கம், மாலையில் ஆபீசுக்குப் பின்னால் சங்கம், ராத்திரி வரைக்கும் அங்கேயேதான். இடையில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்ஃபர். 1911-ல் மறுபடி கல்கத்தா. இப்போதைய மொழியில் சொன்னால், இது ஃபுல்-டைம் வேலைக்கு வெளியே ஒரு சைடு புராஜெக்ட். பத்து வருடம் ஓடிய சைடு புராஜெக்ட்.

அந்த நாட்களில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள்: வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா. கர்னாடக சங்கீதப் பற்று மட்டும் காரணமில்லை. விலை உயர்ந்த கருவி இல்லாமல் முதல் தரமான இயற்பியல் செய்ய அந்தத் துறையில் இடம் இருந்தது. வயலின் வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் துல்லியமாக மாற்றிப் பார்க்க வேண்டும். மனிதக் கை ஒரே சீராக வாசிக்காது. அதனால் வயலின் வாசிக்கிற இயந்திரம் ஒன்றைச் சங்கத்திலேயே செய்தார்கள். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் போகும். வில்லை நகர்த்துவதைவிட அதுதான் சுலபம் என்று பார்த்திருக்கிறார்கள்.

பாதிச் சம்பளத்தில் ஒரு அப்கிரேடு

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். நிதித்துறையில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அரசாங்க உத்தியோகம், பென்ஷன், மேலே மேலே பதவி உயர்வு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராமன் போனார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்று விதி இருந்தது. போக மாட்டேன் என்றார். விதியைத் தளர்த்தினார்கள்.

28 வயதில், கல்யாணமான ஒருவர், பாதிச் சம்பளத்துக்கு வேலை மாறுகிறார். இன்று லிங்க்ட்இன்னில் போட்டால் ஆயிரம் லைக் வரும். சொந்தக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் வாங்கிய பண்டம் நேரம். அதற்கு அவர் கொடுத்த விலை ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் தெரிந்தது.

பாக்கெட்டில் ஒரு முப்பட்டகம்

1921-ல் முதல் வெளிநாட்டுப் பயணம், ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாநாட்டுக்காக. திரும்பும்போது எஸ்.எஸ்.நார்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடலின் அடர் நீலத்தைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பெரிய விஞ்ஞானியான ராலே பிரபுவின் விளக்கம், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது.

ராமன் பாக்கெட்டில் ஒரு நிக்கல் பிரிசம் வைத்திருந்தார். பெயரில் நிக்கல் இருந்தாலும் அது உலோகம் இல்லை. வில்லியம் நிக்கல் என்பவர் பெயரில் வழங்கும் படிக முப்பட்டகம். வேலை என்னவென்றால், இன்றைய போலராய்டு கூலிங் கிளாஸ் செய்வதுதான்: நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளியைச் சரியான கோணத்தில் வெட்டிவிடும். வானத்தின் பிரதிபலிப்பை இப்படி அணைத்துவிட்டால் கடல் நிறமிழந்து போக வேண்டும். போகவில்லை. நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த நிறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் போனது.

கையடக்கமான ஒரே ஒரு பொருள். ஆனால் கேட்ட கேள்விக்கு அது சரியாகப் பொருந்துகிற பொருள். கப்பலில் பெரிய லேபே இருந்திருந்தாலும் அன்று அவருக்கு வேறெதுவும் தேவைப்பட்டிருக்காது.

1928: எது உண்மையான தடை?

அடுத்த ஏழு வருடம் கல்கத்தாவில் திரவங்களில் ஒளிச்சிதறல்தான் வேலை. 1923-ல் மாணவர் கே.ஆர்.ராமநாதன், சுத்தமான நீரில்கூட ஏதோ ஒரு மங்கலான வேறு நிற ஒளி சேர்ந்து வருவதைக் கவனித்தார். அசுத்தத்தால் வரும் ஒளிர்வு என்று நினைத்தார்கள். எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. 1927-ல் எஸ்.வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பச்சை நிறச் சிதறலைப் பார்த்தார். அதே வருடம் எக்ஸ்ரே சிதறலில் அலைநீளம் மாறுவதைக் கண்டுபிடித்த ஆர்தர் காம்ப்டனுக்கு நோபல் கிடைத்தது. எக்ஸ்ரேயில் நடப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நடந்தால்?

1928 ஜனவரி, பிப்ரவரியில் ராமன் இந்த வேலையில் கே.எஸ்.கிருஷ்ணனை இறக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்புக்காரர். ஏற்பாடு இதுதான். சூரிய ஒளியைச் சங்கத்திலிருந்த 18 செ.மீ. தொலைநோக்கியின் லென்ஸ் வழியாகவும் இன்னொரு சிறு லென்ஸ் வழியாகவும் குவித்துத் திரவத்துக்குள் விட வேண்டும். முன்னால் நீலம்-ஊதாவை மட்டும் விடும் ஃபில்டர். பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் அதற்கு எதிரான மஞ்சள்-பச்சை ஃபில்டர். ஒளியின் நிறம் மாறாமல் சிதறினால் இரண்டாவது ஃபில்டரைத் தாண்டி எதுவும் வரக் கூடாது, கும்மிருட்டு. ஆனால் ஒளி தெரிந்தது. உள்ளே போன நிறம் ஒன்று, வெளியே வந்ததில் இன்னொரு நிறம் கலந்திருக்கிறது. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இருந்தது.

டிடெக்டர் என்ன? கண். இருட்டுக்குப் பழக்கப்படுத்திய மனிதக் கண். செலவு பூஜ்யம்.

இந்த ஒளி எவ்வளவு மங்கல் என்று புரிந்தால்தான் இதன் அருமை தெரியும். சிதறும் ஒளியிலேயே மிக மிகச் சிறு பங்குதான் இப்படி நிறம் மாறும். உள்ளே போகும் ஒளித்துகள்களில் தோராயமாகக் கோடியில் ஒன்று என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. திரவத்தில் ஒரு தூசி இருந்தாலும் அதன் சிதறல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால் கிருஷ்ணனின் பெரும்பாலான உழைப்பு கருவியில் இல்லை. திரவங்களை வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப மெதுவாகக் காய்ச்சி வடிப்பதில் இருந்தது. அறிவியல் தினப் போஸ்டர்களில் இந்த வடிகட்டல் வேலைக்கு இடமே கிடைப்பதில்லை. பாவம்.

ஒரு சிக்கல் மீதி இருந்தது. சூரிய ஒளியில், ஃபில்டர் போட்டாலும், ஒரு பட்டை நிறையப் பல அலைநீளங்கள் கலந்திருக்கும். அதனால் நிறம் மாறுகிறது என்று சொல்லலாம். எவ்வளவு மாறுகிறது, தெளிவான கோடாக மாறுகிறதா, மங்கலாகப் பரவுகிறதா என்று சொல்ல முடியாது. இங்கேதான் சரியான அப்கிரேடு வந்தது. ராமன் மாற்றியது ஒளி மூலத்தை. சூரியனை விட்டுவிட்டுப் பாதரச விளக்கு. அது குறிப்பிட்ட சில கூர்மையான அலைநீளங்களை மட்டும் வெளியிடும். அதில் ஒன்றை மட்டும் ஃபில்டரால் பிரித்து எடுக்கலாம். பார்க்கும் கருவி அதே சின்னப் பாக்கெட் ஸ்பெக்ட்ரோஸ்கோப். பிப்ரவரி 28 அன்று அதன் வழியே பார்த்தபோது, பாதரசத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு இருண்ட இடைவெளி விட்டு, பாதரச விளக்கில் இல்லாத புதிய கோடு நின்றது.

பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு இது உடனே புரியும். மெஷின் மெதுவாக இருக்கிறது என்றால் எல்லோரும் முதலில் திட்டுவது பிராசஸரை. பல நேரம் அது சும்மா உட்கார்ந்து டிஸ்கின் பதிலுக்குக் காத்திருக்கும். கல்கத்தாவில் ஸ்பெக்ட்ரோஸ்கோப் அப்படித்தான் காத்திருந்தது, சரியான விளக்குக்காக.

ஒளித்துகள் ஒன்று மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். எவ்வளவு குறைகிறது என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி. ஆதார் கைரேகை மாதிரி. அதனால்தான் ஒரு பொருளைத் தொடாமல், உடைக்காமல், அது என்னவென்று கண்டுபிடிக்க ராமன் விளைவு பயன்படுகிறது.

பிறகு கோடுகளைப் படமெடுத்து அளக்க வேண்டி வந்தபோது ஹில்கர் நிறுவனத்தின் சிறிய குவார்ட்ஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் வந்தது. ஒரு தட்டுக்குப் பல மணி நேர எக்ஸ்போஷர்.

மாஸ்கோவில் அதே நேரம்

இதெல்லாம் நடக்கும்போது மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் அதே விளைவைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பார்த்த தேதி 1928 பிப்ரவரி 21. அதாவது ராமன் கோடுகளைப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னால்! அவர்கள் கவனமாகச் சரிபார்த்து, கணக்கிட்டு, மே மாதம் கட்டுரை அனுப்பினார்கள்.

ராமன் காத்திருக்கவில்லை. நிறம் மாறிய சிதறல் பற்றி பிப்ரவரி 16-லேயே அவரும் கிருஷ்ணனும் 'நேச்சர்' இதழுக்கு எழுதியிருந்தார்கள். கோடுகள் தெரிந்த கையோடு பத்திரிகைகளுக்குச் செய்தி. மார்ச் 16-ல் பெங்களூரில் சொற்பொழிவு. மார்ச் 31-க்குள் அது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் அச்சாகி, அதன் பிரதிகள் உலகம் முழுக்க இருந்த இயற்பியலாளர்களுக்குத் தபாலில் போயின. ஜூலையில் மாஸ்கோக் கட்டுரை வெளிவந்தபோது உலகம் 'ராமன் விளைவு' என்று சொல்லப் பழகிவிட்டது. ரஷ்ய மொழியில் அதற்கு இன்றும் வேறு பெயர்தான்.

இன்னும் நல்ல படம், இன்னும் துல்லியமான அளவு, இன்னும் பெரிய ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று கல்கத்தாவில் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கதை வேறு ஆளின் கதை.

1930-ல் நோபல். அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் டிக்கெட் போட்டுவிட்டார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை. பரிசு அவருக்கு மட்டும். நேச்சர் கடிதத்தில் கூடவே கையெழுத்திட்ட கிருஷ்ணனுக்கு இல்லை. இருவருக்கும் இடையே பின்னாளில் உறவு கசந்தது. கிருஷ்ணன் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். பெயர் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சரி, அந்த 200 ரூபாய்?

கருவிகளின் விலை 200 என்றும் 500 என்றும் பல கணக்குகள் உலவுகின்றன. சில நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் ஸ்பெக்ட்ரோஸ்கோப், ஃபில்டர், விளக்கு என்று அந்தக் கடைசிக் காட்சியில் மேஜைமேல் இருந்ததை மட்டும் கூட்டினால் அது சரிதான்.

ஆனால் மேஜைக்கு வெளியே? 18 செ.மீ. தொலைநோக்கி சில நூறு ரூபாய்க்கு வராது. அது சங்கத்தில் ஏற்கெனவே இருந்தது. 1876-லிருந்து பொதுமக்கள் நன்கொடையில் கட்டிய கட்டடம், பட்டறை, நூலகம், ஆசு பாபு, பாலித் அறக்கட்டளை கொடுத்த சம்பளம், ஏழு வருடம் திரவம் காய்ச்சிய மாணவர்கள். லேப்டாப் விலையைச் சொல்லிவிட்டு, மென்பொருள், இணைய இணைப்பு, வேலை கற்ற வருடங்கள் எதையும் சொல்லாமல் விடுவது மாதிரி.

இன்னொன்று. ராமனுக்கு விலை உயர்ந்த கருவி மேல் வெறுப்பெல்லாம் கிடையாது. 1920-களின் நடுவில், ஒரு நல்ல ஸ்பெக்ட்ரோகிராஃப் வாங்கப் பணம் கேட்டுத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லாவுக்குக் கடிதம் எழுதினார் என்றும், அது கையில் கிடைத்தால் இந்தியாவுக்கு நோபல் கொண்டுவர முடியும் என்று அதில் சொன்னார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. வேண்டும் என்று தெரிந்தால் வெட்கப்படாமல் கேட்டார். எதற்கு வேண்டும் என்று அவரால் ஒரு வரியில் சொல்லவும் முடிந்தது. குறைந்த செலவைப் பெருமையாகச் சொல்லி, இன்றைய ஆய்வகங்களுக்கு நிதி வெட்டுவதற்கு இந்த 200 ரூபாய்க் கதையை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால், பிர்லா கடிதத்தையும் சேர்த்து நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

பெங்களூரு: பட்ஜெட் கையில் வந்தபோது

1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அந்த நாற்காலியில் முதல் இந்தியர். முதல் தடவையாகப் பெரிய பட்ஜெட் அவர் கையில். இயற்பியல் துறையைப் புதிதாகக் கட்டினார், கருவிகள் செய்யப் பட்டறையைப் பலப்படுத்தினார். பணம் எல்லாம் இயற்பியலுக்கே போகிறது என்று மற்ற துறைகள் புகார் சொன்னன. விசாரணைக் குழு வந்தது. 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார். தன் கண்ணுக்கு எது அவசியம் என்று பளிச்செனத் தெரிந்தவருக்கு, அடுத்தவரின் அவசியம் கண்ணில் படவில்லை.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். கமலா சோஹோனியை முதலில் சேர்க்கவே மறுத்தார். அவர் போராடித்தான் உள்ளே வந்தார். பிறகு ராமன் லேபில் சேர்ந்த அன்னா மணி, வைரங்களின் ஒளிர்வைப் படமெடுக்க ஒரு தட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் எக்ஸ்போஷர் கொடுத்து ராத்திரியெல்லாம் காத்துக் கிடந்தார். முனைவர் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை, எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகள் படித்து, திரும்பி வந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். கருவிக் கணக்கில் ராமனுக்கு உண்மையான வாரிசு என்று யாரையாவது சொல்லலாம் என்றால், அது இவர்தான்.

ராமன் நிறைய வைரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், நூற்றுக்கணக்கில். நகைக்கு இல்லை. படிக அதிர்வுகள் பற்றி மாக்ஸ் பார்னுடன் அவர் நடத்திய நீண்ட சண்டைக்கு ஆதாரம் தேடி. அந்தச் சண்டையில் அறிவியல் உலகம் கடைசியில் பார்ன் பக்கம்தான் போனது.

1940-களில் இன்னொரு வேடிக்கை. அவர் பெயரிலான விளைவே சந்தையில் பின்தங்கியது. ராமன் முறைக்கு நிறைய மாதிரிப் பொருள் வேண்டும், நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும், இருட்டறை வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் ரெடிமேடாகக் கடைக்கு வந்தன. பட்டனைத் தட்டினால் வரைபடம். தொழிற்சாலை வேதியியலாளர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை சீக்கிரம் முடிந்தால் போதும்.

ராமன் தன் பாட்டுக்கு இருந்தார். மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் 1948-ல் ராமன் ஆய்வு நிறுவனம். மின் இணைப்பு வருவதற்கு முன்பே, கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பிவிட்டு ஒளியியல் ஆய்வுகளைத் தொடங்கிவிட்டார். 60 வயதில் மறுபடியும் கல்கத்தா நாட்களின் அதே சூரியன். அரசாங்கப் பணம் வாங்கினால் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அதைத் தவிர்த்தார். பழைய கணக்காளருக்கு அது என்ன தலைவலி என்று தெரிந்திருக்கும். 1954-ல் பாரத ரத்னா.

1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். ஒரே அலைநீளம், ஊசி முனை அளவுக்குக் குவியும் செறிவு. 1928-ல் பாதரச விளக்கு எந்த இடத்தை நிரப்பியதோ, அந்த இடத்துக்கு வந்த நிஜமான அடுத்த தலைமுறை. 1962-லேயே அதை ராமன் சிதறலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மணிக்கணக்கான எக்ஸ்போஷர் மெல்ல மெல்ல நிமிடங்களாகவும் நொடிகளாகவும் சுருங்கியது. கைவிடப்பட்டிருந்த முறை மறுபடி ஆய்வகங்களுக்குள் வந்தது.

ராமன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்போது அவர் தோட்டத்துப் பூக்களின் நிறங்களையும், மனிதக் கண் நிறத்தை எப்படி உணர்கிறது என்பதையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21-ல் காலமானார். தகனம் அவரது நிறுவன வளாகத்திலேயே நடந்தது. சிலை, மண்டபம் எதுவும் எழுப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் வைத்தார்கள்.

இன்று மருந்து கம்பெனிகளில் மூலப்பொருளைச் சரிபார்க்கவும், சுங்கச் சோதனையில் பொட்டலத்தில் இருப்பது என்ன பொடி என்று பிரிக்காமலே பார்க்கவும், கையில் பிடிக்கிற ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் வந்துவிட்டன. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் அப்படி இரண்டு கருவிகள் இருக்கின்றன. அதில் சூப்பர்கேம் என்பது, சில மீட்டர் தூரத்திலுள்ள பாறைமேல் பச்சை லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளியில் நிறம் மாறிய அந்தச் சிறு பங்கைத் தேடுகிறது.